மாரிக்கு முன் வண்டிக்கு ஒரு மெழுகுப் பூச்சு

புரட்டாசி பிறந்துவிட்டால் எமது வீடுகளில் மாரிக்கான ஆயத்தங்கள் தொடங்கிவிடும். உக்கிய கிடுகை மாற்றுவோம். தகரத்தில் ஓட்டை இருந்தால் தார் வைத்து அடைப்போம். விறகை உள்ளே அடுக்குவோம், வாய்க்காலை வெட்டி விடுவோம். முற்றத்தில் நிற்கும் சைக்கிளையோ மோட்டார் சைக்கிளையோ பற்றி மட்டும் அநேகமாக எவரும் நினைப்பதில்லை. தை மாதம் மழை விட்டு வெயில் எறிக்கும்போதுதான் மட்காட்டின் மடிப்பிலும் பெற்றோல் தாங்கியின் அடியிலும் கறள் சிவப்பாக எட்டிப் பார்ப்பது கண்ணில் படும்.

வாகனத்துக்கு மெழுகு பூசுவது வசதியானவர்கள் தங்கள் காருக்குச் செய்யும் சோடனை வேலை என்று எம்மில் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் நிழலும் கராஜும் உள்ள காரைவிட, வெயிலிலும் மழையிலும் வேலியோரம் நிற்கும் எங்கள் வண்டிகளுக்கே அது அதிகம் தேவை. குடும்பத்தைத் தனியாகக் கொண்டு நடத்தும் ஒரு பெண்ணுக்கு வண்டி என்பது தொழில் உபகரணம். மீன்பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்கும், கிறவல் வீதியில் முன்பள்ளிக்கு ஓடுகிற ஆசிரியைக்கும், தைத்த உடுப்புகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கும் அது ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும். அவசரத்துக்கு விற்க வேண்டி வந்தாலும் வாங்க வருகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது கறளைத்தான். இஞ்சின் நன்றாக இருந்தாலும் கறளைக் காட்டி விலையைக் குறைப்பார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் பாவனைக்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட காலத்தில் பாவித்த மோட்டார் சைக்கிள் என்ன விலை விற்றது என்பது தவணை கட்டியவர்களுக்குத் தெரியும்.

வண்டியின் அருமையை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் நோயாளியையும் சுமந்தது, நெல் மூட்டையையும் சுமந்தது. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலியும் கேட்டோம். 2009இல் வன்னியை விட்டு வெளியேறியவர்கள் அந்த வண்டிகளையும் விட்டுவிட்டு வந்தார்கள். முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்புப் பக்கங்களில் அவை குவியல் குவியலாகக் கறள் பிடித்து ஆண்டுக்கணக்கில் கிடந்தன. இன்று முற்றத்தில் நிற்பது, அதற்குப் பிறகு சீட்டுக் கட்டியும் கடன்பட்டும் வாங்கிய வண்டி. அதைக் காப்பதற்கு ஆகும் செலவு ஒரு ரின் மெழுகும் ஒரு காலைப்பொழுதும்தான். எந்த மெழுகு என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

மழைத்தண்ணீர் மட்டும் என்றால் பெயின்ற் பல வருடம் தாங்கும். கெடுப்பது உப்பு. கடற்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் கலந்திருக்கின்றன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஈரமும் உப்பும் ஒன்றாக நின்றால் இரும்பு கெதியாகக் கறள் பிடிக்கும். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியிலும், சங்குப்பிட்டிப் பாலத்திலும், மன்னார்த் தாம்போதியிலும் தினமும் போய் வருகிறவர்கள் வண்டியின் தாங்கியை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கலாம். மட்டக்களப்பு வாவிக் கரையிலும் இதே நிலைதான். மாரியில் வாடைக்காற்று வீசும்போது அந்த உப்பு ஊருக்குள்ளும் வருகிறது.

இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லின் ஊடாக வருவது. அதனால் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படியும். கரையோரக் கிணறு என்றால் உவர் வேறு. வண்டி கழுவுவதற்கு நல்லது தகரக் கூரையிலிருந்து பீப்பாவில் பிடித்த மழைநீர்தான். கிணற்றுத் தண்ணீரைப் பாவித்தால் கையோடு துடைத்துவிட வேண்டும்.

கனடாவிலோ நோர்வேயிலோ உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பனிக்காலத்தில் வீதியில் உறையும் பனியைக் கரைப்பதற்கு அங்கே உப்புத் தூவுவார்கள். அந்த உப்புச் சேறு தெறித்து வாகனங்கள் அடியிலிருந்து அரித்துப்போகும். ஆகவே விபரம் தெரிந்தவர்கள் பனி விழ முன்னரே, அந்தக் காலம் முழுவதும் நின்றுபிடிக்கக்கூடிய மெழுகாகப் பார்த்துப் பூசிவிடுவார்கள். பனி தொடங்கிய பின் குளிரில் வெளியே நின்று கழுவவோ பூசவோ முடியாது. அவர்களுக்கு உப்பு லொறியில் வருகிறது, எங்களுக்குக் காற்றில் வருகிறது. முறை ஒன்றுதான். எங்கள் மாரியிலும் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் கிடைப்பது அருமை என்பதால், வேலையைப் புரட்டாசியிலேயே முடித்துவிட வேண்டும்.

பளபளப்பு வேறு, காப்பு வேறு

கடைக்குப் போனால் தம்பி ஒரு போத்தலை எடுத்து நீட்டுவார். “அக்கா, இதைப் போட்டால் கண்ணாடி மாதிரி மினுங்கும்” என்பார். “மினுங்கிறது இருக்கட்டும் தம்பி, இது பொலிஷா மெழுகா? எத்தனை மாதம் நிக்கும்?” என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லாத போத்தலை வாங்கத் தேவையில்லை.

பொலிஷ் என்பது தேய்க்கும் பொருள். அதில் மிக நுண்ணிய துகள்கள் இருக்கும். விரலிடையில் வைத்து உரஞ்சினால் சிலவற்றில் நறநறவென்று தெரியும். அது பெயின்றின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படையைச் சுரண்டி எடுத்து, மங்கலையும் கீறலையும் போக்கும். மினுக்கம் வரும், காப்பு வராது. அநேகமான புது மோட்டார் சைக்கிள்களில் நிறப் பூச்சுக்கு மேல் நிறமற்ற ஒரு பூச்சு இருக்கிறது. அது ஒரு தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவானது. மாதா மாதம் பொலிஷ் போட்டுத் தேய்த்தால் அதுவும் ஒரு நாள் தீர்ந்துவிடும். பழைய சைக்கிள்களில் அந்த மேற்பூச்சே கிடையாது. தேய்க்கும்போது துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் உங்களுடையது அந்த வகை என்று அறிந்துகொள்ளுங்கள். பெயின்ற் மங்கி வெளிறிப் போயிருந்தால் மட்டும் ஒரு தடவை இலேசாகப் பொலிஷ் செய்து, அதன்மேல் மெழுகிடலாம்.

மெழுகு என்று விற்பதிலும் பல வகை உண்டு. நாம் மெழுகுதிரி வார்க்கும் பரபின் மென்மையானது. தேன்மெழுகு 62 முதல் 64 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். நடுப்பகலில் வெயிலில் நிற்கும் கறுப்புத் தாங்கியில் கைவைக்க முடியாதல்லவா? அந்தச் சூட்டில் இவை இளகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். வாகனத்துக்குப் பெயர்போனது கார்னௌபா என்ற மெழுகு. இது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையிலிருந்து கிடைக்கிறது. எங்கள் பனையைப் போலவே விசிறி ஓலையுள்ள மரம். வறட்சியில் ஓலையின் ஈரம் பறந்துவிடாமல் இருக்க மரமே ஓலையின் மேல் மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டி, காயவிட்டு, அடித்து உதிர்த்து அந்தத் தூளை எடுக்கிறார்கள். அது உருகுவதற்கு 82 பாகைக்கு மேல் வேண்டும். தனியாக எடுத்தால் கல்லுப்போல இருக்கும், பூச முடியாது. ஆகவே கரைப்பானும் வேறு மெழுகுகளும் சேர்த்தே ரின்னில் அடைக்கிறார்கள். ‘நூறு வீதம் கார்னௌபா’ என்று மேலே எழுதியிருந்தால், ரின் முழுவதும் அதுதான் என்று எண்ணிவிடாதீர்கள். சேர்த்திருக்கும் கார்னௌபா கலப்பற்றது என்பதே அதன் பொருள். நல்ல கார்னௌபா மெழுகு எங்கள் வெயிலிலும் மழையிலும் ஆறு முதல் எட்டுக் கிழமை வரை நிற்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அடுத்தது செயற்கை மெழுகு. போத்தலில் ‘சீலண்ட்’ என்றோ ‘பொலிமர்’ என்றோ ‘சிந்தெடிக்’ என்றோ எழுதியிருக்கும். இது பெயின்றின் மேல் கிடப்பதோடு நில்லாமல் அதனோடு பற்றிக்கொள்ளக்கூடியதாகச் செய்யப்பட்டது. கார்னௌபாவின் ஆழ்ந்த மினுக்கம் இதில் இல்லை என்பார்கள், எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நான்கு முதல் ஆறு மாதம் நிற்கும். ஐப்பசி தொடங்கித் தை முடியும்வரை உள்ள மாரிக்கு ஒரு தடவை போட்டாலே போதும்.

தெளித்துத் துடைக்கும் மெழுகு சில கிழமைகளில் போய்விடும். இடையிடையே மேற்பூச்சாக இடலாம், மாரிக்கு அதை நம்ப முடியாது. செராமிக் பூச்சு வருடக்கணக்கில் நிற்கும் என்றாலும், அதற்கு முன் செய்ய வேண்டிய தயாரிப்பும் விலையும் எங்கள் தேவைக்கு மிஞ்சியவை.

என் கணிப்பைக் கேட்டால், கடலுக்குக் கிட்ட இருப்பவரும் கொட்டில் இல்லாமல் வெளியே வண்டி விடுபவரும் சீலண்டையே வாங்குங்கள். உள்ளூரில் கொட்டிலுக்குள் விடுபவருக்குக் கார்னௌபா போதும், புரட்டாசியில் ஒன்றும் மார்கழித் தொடக்கத்தில் ஒன்றுமாகப் பூசலாம்.

விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கணக்குக்காக அரை லீற்றர் சீலண்ட் 3000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பூச்சுக்கு மூன்று தேக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் அளவுதான் செல்லும். அப்படியானால் போத்தலில் முப்பதுக்கு மேற்பட்ட பூச்சு இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து ஆளுக்கு 600 ரூபா போட்டு வாங்கினால், இரண்டு பூச்சாக இட்டாலும் மூன்று மாரிக்குக் காணும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு போத்தலை வாங்கி வைத்துக் கூட்ட நாளில் எல்லோருமாகப் பூசினால், வேலையும் பழகும், கதைத்தது போலவும் இருக்கும்.

பூசும் முறை

எவ்வளவு நல்ல மெழுகும் அழுக்கின் மேல் நிற்காது. இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, முதலில் வெறும் தண்ணீரை ஊற்றிச் செம்மண்ணையும் மணலையும் ஓடவிடுங்கள். மண் இருக்கும்போது துணியால் தேய்ப்பது அரத்தால் தேய்ப்பது போலத்தான். பிறகு இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் துணி அலசும் தண்ணீர். மேலிருந்து கீழே கழுவிக்கொண்டு வாருங்கள். மெழுகிடுவதற்கு முன் ஒரு தடவை மட்டும் பாத்திரம் கழுவும் திரவத்தைப் பாவிக்கலாம், அது பழைய மெழுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிடும். அதே காரணத்துக்காக, மெழுகிட்ட பின் அதைத் தொடக்கூடாது. வாகன ஷாம்பூ இல்லாவிட்டால் வெறும் தண்ணீரே போதும்.

துடைத்துக் காய்ந்த பின் ஒரு மெல்லிய ஷொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தாங்கியைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் பையினூடாகத் தெரியும். மாம்பாலும் தார்த் துளியும் காகத்தின் எச்சமும் அப்படித்தான் ஒட்டியிருக்கும். ஈரத்துணியைச் சிறிது நேரம் அதன்மேல் போட்டு ஊறவிட்டுத் துடைத்து எடுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம்.

கறள் ஏற்கெனவே வந்த இடத்தில் மெழுகு ஒன்றும் செய்யாது. கறளை மூடி அடைத்தால் உள்ளே அது தன்பாட்டுக்குத் தின்றுகொண்டே போகும். அந்த இடத்தைச் சாண்ட் பேப்பரால் இரும்பு தெரியும்வரை உரஞ்சி, கறள் தடுக்கும் அடிப்பூச்சும் நிறமும் இட்டு, குறைந்தது ஒரு மாதமாவது விட்டே மெழுகிட வேண்டும். புதுப் பெயின்ற் முழுவதும் காய அவ்வளவு காலம் செல்லும். ஆகவே பெயின்ற் வேலை இருந்தால் ஆவணியிலேயே தொடங்குங்கள். போரில் கால் இழந்த சகோதரிகள் பலர் பக்கச் சில்லுப் பொருத்திய ஸ்கூட்டர் பாவிக்கிறார்கள். அந்தச் சில்லுத் தண்டு ஒட்டிய இடத்தை விசேடமாகக் கவனியுங்கள். ஒட்டும்போது சூட்டில் பெயின்ற் எரிந்திருக்கும், கறள் அங்கேதான் முதலில் தொடங்கும்.

நிழலில், காலைப்பொழுதில், ஈரமில்லாத வண்டியில் பூசுங்கள். சிறிதளவு எடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும், எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாகத் தடவுங்கள். தடிப்பாகப் பூசினால் கூடக்காலம் நிற்கும் என்பது தவறான எண்ணம். மிஞ்சியது துணியோடு வந்துவிடும், துடைக்கும் பாடுதான் மிச்சம். சற்று நேரத்தில் வெண்புகை படிந்தது போல் மங்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். இழுவிக்கொண்டு வராமல் துப்புரவாகக் கோடு விழுந்தால் துடைக்கலாம். துடைக்கப் பழைய பருத்திச் சாரத்துண்டு நல்லது, பொத்தானோ தையல் மடிப்போ இருக்கக்கூடாது. சீலண்ட் என்றால் அன்று முழுவதும் நனையவிடாதீர்கள். மறுநாள் இரண்டாவது பூச்சு இட்டால் முதல் நாள் தவறிய இடங்களும் மூடப்படும். தாங்கியைவிட மட்காட்டின் உள்விளிம்பு, சைக்கிள் சட்டத்தின் அடிக்குழாய், ஹாண்டில் தண்டு, கூடை பூட்டிய இடம் ஆகியவற்றில் அதிக நேரம் செலவிடுங்கள்.

மெழுகு படக்கூடாத இடங்கள் உண்டு. இதில் கவனக்குறைவு கூடாது. பிரேக் டிஸ்க், சைக்கிளில் பிரேக் கட்டை அழுத்தும் றிம், ரயர், சீற், கால்மிதி, கைப்பிடி ஆகியவற்றில் மெழுகு பட்டால் வழுக்கும், பிரேக் பிடிக்காது. மினுக்கமில்லாத மட் நிறப் பெயின்றுக்கும் சாதாரண மெழுகு ஒத்துவராது. கறுப்புப் பிளாஸ்ரிக்கில் பட்டால் வெள்ளையாகக் காயும், பழைய பற்தூரிகையால் எடுக்கலாம். செயினுக்கு மெழுகு அல்ல, எண்ணெயே வேண்டும்.

மண்ணெண்ணெய் வேண்டாம்

வண்டியைக் கழுவிய பின் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் நீண்ட காலமாக இருக்கிறது. அந்த நேரம் மினுங்கும். ஆனால் மண்ணெண்ணெய் மெழுகைக் கரைத்துவிடும், பெயின்றையும் நாளடைவில் மங்கச் செய்யும். தேங்காய் எண்ணெய் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழித்த இஞ்சின் ஒயிலை வண்டியின் அடியில் பூசுகிறவர்களும் உண்டு. அது தோலுக்குக் கேடானது, நிலத்தில் வடிந்தால் கிணற்றுக்கும் கேடு. அடியில் கறள் பிடிக்கும் இரும்புக்குச் சிறிது கிறீஸ் தடவினால் போதும்.

மெழுகுதிரித் தொழில் தெரிந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நாங்களே செய்தால் என்ன என்று தோன்றும். மெழுகை அடுப்பில் வைத்துக்கொண்டு அதில் மண்ணெண்ணெயோ பெற்றோலோ ரேப்பன்ரைனோ ஊற்றவே கூடாது. அதன் ஆவி அடுப்பு நெருப்பைப் பற்றிக்கொண்டு ஒரு கணத்தில் மேலே பாயும். பரபின் பூச்சு எங்கள் வெயிலுக்கு நிற்காது என்பதை மேலே சொன்னேன். நிற்காத ஒன்றுக்காக எரிகாயம் பட வேண்டாம்.

மழையில் ஓடிய பின் தறப்பாளால் இறுக்கி மூடுவதும் நல்லதல்ல. ஈரம் உள்ளே அடைபட்டு நிற்கும், காற்றில் தறப்பாள் அசையும்போது மணல் உரஞ்சிக் கீறும். நான்கு தடியும் ஒரு தகரமும் வைத்து, வண்டியில் படாமல் மேலே ஒரு மறைப்புக் கட்டினால் காற்றும் உலாவும். தாம்போதியால் வந்த நாட்களில் ஒரு வாளி நன்னீர் ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். காகத்தின் எச்சமும் வௌவால் எச்சமும் வெயிலில் காய்ந்தால் பெயின்றை அரிக்கும். மெழுகிருந்தால் ஒன்றிரண்டு நாள் தவணை கிடைக்கும், அதற்குமேல் அதுவும் தாங்காது.

மெழுகு இன்னும் இருக்கிறதா என்று அறிய, கழுவிய வண்டியில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். சேம்பிலையில் போல முத்து முத்தாக உருண்டு நின்றால் இருக்கிறது. பரந்து தட்டையாக ஒட்டிக்கொண்டால் போய்விட்டது. மார்கழித் தொடக்கத்தில் ஒரு தடவையும் தைப்பொங்கலுக்கு வண்டி கழுவும்போது ஒரு தடவையும் இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள். பாவித்து முடிந்ததும் ரின்னின் மூடியை இறுக்கி, பிள்ளைகளுக்கு எட்டாத நிழலான இடத்தில் வையுங்கள். மூடி தளர்ந்திருந்தால் கரைப்பான் பறந்து, அடுத்த புரட்டாசிக்குத் திறக்கும்போது மெழுகு வெடித்த வயல் மண்ணாகத்தான் இருக்கும்.